ஆறு விசை வரம்பும் அதற்கு முந்தைய தடையும்

பல விசைகளை ஒருசேர அழுத்தினால் விசைப்பலகை சிலவற்றை விழுங்கிவிடுகிறது. இதற்கு யுஎஸ்பிதான் காரணம் என்ற வாசிப்பு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. பழைய பிஎஸ்/2 இணைப்பின் காலத்தில் வரம்பே இருந்ததில்லை, யுஎஸ்பி வந்துதான் ஆறோடு நிறுத்தியது என்கிறது அது. பாதி உண்மை. பிஎஸ்/2 முறையில் விசை அழுந்தும்போது ஒரு குறியீடும் விடுபடும்போது மற்றொன்றும் போகும். எத்தனை விசை என்ற கணக்கு அங்கே இல்லை. யுஎஸ்பியின் தொடக்கநிலை அறிக்கையோ எட்டே பைட்: ஷிஃப்ட், கன்ட்ரோல் வகைக்கு ஒன்று, ஒதுக்கிவைத்தது ஒன்று, மற்ற விசைகளுக்கு ஆறு.

ஆனால் இந்த வாசிப்பு, செய்தி போகும் வழியைப் பார்க்கிறதே தவிர அது புறப்படும் இடத்தைப் பார்க்கவில்லை. ஐபிஎம் 1984இல் ஏடி கணினியோடு தந்த மாடல் எஃப் பலகை, மின்தேக்க மாற்றத்தைக் கொண்டு விசையை உணர்ந்தது. எத்தனை விசைகளை அழுத்தினாலும் தனித்தனியே அறிந்தது. 1985இல் வந்த மாடல் எம் கேபிளில் பேசியது அதே மொழிதான். உள்ளே மட்டும் மெம்பரேன் தாள்கள். உறுதியாகப் பதிவானவை எவையேனும் இரண்டு விசைகள். மூன்றாவது பதிவாவது அதன் இடத்தைப் பொறுத்தது. 1987 முதல் பிஎஸ்/2 கணினிகளோடு வந்ததும் இந்தப் பலகையே. யுஎஸ்பி அப்போது பிறக்கவே இல்லை.

தடை கம்பிப் பின்னலில் இருக்கிறது. விசைகள் நிரை, நிரலாக இணைக்கப்படுகின்றன. அழுந்திய மூன்று விசைகள் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் அமைந்தால், மின்னோட்டம் சுற்றிவந்து நான்காம் மூலையும் அழுந்தியதாகக் காட்டும். விசைக்கொரு டயோடு வைத்தால் இது நேராது. டயோடு இல்லாத பலகையில், பொய் எழுத்து வராமலிருக்க, கன்ட்ரோலர் மெய்யான மூன்றாம் விசையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

விசைப்பலகை போன்ற யுஎஸ்பி கருவிகளுக்கான, 2001இல் வந்த எச்ஐடி 1.11 வரையறையின் பின்னிணைப்பு சி-யில் அடுத்தடுத்து வரும் சில வரிகளை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். விசைகள் அறிக்கையின் கொள்ளளவை மீறினால் பலகை பிழைநிலையைத் தெரிவித்தே ஆக வேண்டும். பின்னிணைப்பு பி-யில் உள்ள மாதிரி அறிக்கை விவரிப்பைப் பயன்படுத்தும்போது அந்த அளவு ஆறு. அடுத்து, இனங்காண முடியாத சேர்க்கை அழுந்தினாலும் பிழைநிலையைத் தெரிவிக்கலாம். முன்னது கட்டாயம், பின்னது அனுமதி. ஆறு என்பது அந்த மாதிரி விவரிப்புக்கு உரிய எண். ஆறுக்கு மேற்பட்ட விசைகளைத் தெரிவிக்கும் வேறு விவரிப்பை எழுத வரையறை இடம் தருகிறது. எண்ணிக்கைச் சிக்கலும் சேர்க்கைச் சிக்கலும் வேறுவேறு என்பதை வரையறையை எழுதியவர்கள் தெளிவாக அறிந்திருக்கிறார்கள். பின்வந்த வாசிப்புதான் இரண்டையும் ஒன்றாக்கியது.

இது ஏட்டளவிலான வேறுபாடு அல்ல. சாதாரண விசைப்பலகையில் பிரெய்ல் எழுதுவோர் எஸ், டி, எஃப், ஜே, கே, எல் ஆகியவற்றை ஆறு புள்ளிகளாகக் கொள்கிறார்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ழகரம் 1, 2, 3, 5, 6 ஆகிய புள்ளிகள். ஐந்து விசைகள் ஒரே நேரத்தில் அழுந்த வேண்டும். ஐந்து ஆறைவிடக் குறைவு. யுஎஸ்பி மட்டுமே தடையென்றால் எந்தப் பலகையிலும் ழகரம் தவறக் கூடாது. மலிவான பலகைகள் பலவற்றில் இத்தகைய சேர்க்கைகள் தவறுகின்றன.

மாடல் எஃப்பிலிருந்து மாடல் எம்முக்கு மாறியது செலவைக் குறைக்கத்தான் என்பதில் ஐயமில்லை. ஒருசேர அழுத்தும் திறன் தெரிந்தே விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது என் ஊகம். நேர்ச்சான்று காட்ட இயலாது. எனினும் தட்டச்சில் பழகிய நிறுவனம், மூன்றாம் விசையை மறைக்கும் ஏற்பாட்டைத் தானே செய்துவிட்டு அதன் விளைவை அறியாதிருந்தது என்று கொள்வது அதைவிடக் கடினம். அதற்காகத் தடையின் தொடக்கத்தை 1985 என்று குறிப்பதும் சரியாகாது. 1982இன் கொமடோர் 64 பலகையிலும் விசைக்கொரு டயோடு இல்லை. எட்டுக்கு எட்டுப் பின்னலில் இதே பொய் விசைகள் எழுந்தன.