அஸ்தினாபுரம்: ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள்

குரோம்பேட்டையை அடுத்து, தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்த அஸ்தினாபுரத்தில் வசிப்போரையும் வியாபார ஸ்தாபனங்களையும் ஒருங்கே கட்டுப்படுத்துபவை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் பிரகடனம் செய்த ஒலிமாசு விதிகளாகும். இவற்றின்படி, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகலென்றும் எஞ்சிய நேரம் இரவென்றும் கொள்ளப்பட்டு, குடியிருப்புப் பகுதிக்கு முறையே 55, 45 டெசிபெலும், வணிகப் பகுதிக்கு 65, 55 டெசிபெலும், தொழிற்பகுதிக்கு 75, 70 டெசிபெலும், மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் முதலியவற்றைச் சூழ அரசாங்கம் அறிவிக்கும் அமைதி மண்டலத்திற்கு 50, 40 டெசிபெலும் உச்சவரம்பாக நிர்ணயிக்கப்பட்டுள்ளன.

எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கியை உபயோகித்தலாகாது. அனுமதி பெற்றோரும், மூடிய மண்டபங்களுக்குள்ளன்றி, இரவில் அதனை இயக்கலாகாது. கலாசார, சமய விழாக்களின்பொருட்டு, ஆண்டிற்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசாங்கம் சலுகை அளிக்கலாம். வரம்பு மீறிய ஓசையால் இன்னலுறுவோர் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் முறையிடலாம்.

ஒலியெழுப்பும் சுதந்திரத்தைக் காரணங்காட்டிக் கேட்க விரும்பாதார் செவியில் அதனைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லையென்றும், அமைதியாய் வாழ்தல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் அங்கமென்றும் உச்சநீதிமன்றம் 2005 ஜூலை 18இல் அளித்த தீர்ப்பே இவ்விதிகளுக்கு நிலைத்த ஆதாரமாக விளங்குகிறது.