ஒன்பது கோணத்தில் நின்ற மடிப்பு

காகிதக் கப்பல் செய்யத் தெரியாத ஆள் நம்ம ஊர்ப்பக்கம் கிடையாது. கத்திக் கப்பல் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர். ஒரிகாமி கொக்கு மடிக்கிறவங்க அதைவிடக் குறைவு. அதற்கும் மேலே, ஆறு காலும் கொம்பும் வைத்த வண்டு, செதில் செதிலாக டிராகன் என்று போக ஆசைப்படுகிறவர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மடிக்கிறார்கள். பாதியில் விட்டவர்களைக் கேட்டால் ‘கை வரலைங்க’ என்பார்கள். கை மட்டும்தானா காரணம்? 1893இல் சென்னையில் அச்சான ஒரு புத்தகம் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் வைத்திருக்கிறது.

புத்தகத்தின் பெயர் ‘ஜியோமெட்ரிக் எக்சர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்’. எழுதியவர் டி. சுந்தர ராவ், சென்னை மாகாணத்தில் அரசு உத்தியோகம் பார்த்தவர். அடிசன் கம்பெனி வெளியிட்டது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்ட்டன் முறையில் குழந்தைகளுக்கு வண்ணச் சதுரத் தாள்கள் கொடுப்பார்கள். அந்தத் தாள் கட்டிலிருந்துதான் தனக்கு யோசனை வந்தது என்று ராவே முன்னுரையில் சொல்கிறார். ஜெர்மன் கணிதர் ஃபெலிக்ஸ் க்ளைன் இந்த நூலைக் குறிப்பிட்டு எழுத, அதைப் பார்த்த பீமன், ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள்.

இதில் கொக்கும் இல்லை, கப்பலும் இல்லை. இருப்பது ஒரு வரிசை. முதலில் சதுரம், அடுத்து சமபக்க முக்கோணம், பிறகு செவ்வகங்கள், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம்... கடைசியில் பரவளையம் மாதிரியான வளைகோடுகள். மொத்தம் 14 அத்தியாயம்.

இரண்டாவது படியை நீங்களே செய்து பாருங்கள். கரூர்ப்பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகிற ஏ4 தாள் போதும். ஒரு மூலையை எதிர் ஓரத்தின் மேல் படிய மடித்து, மிச்சத்தைக் கிழித்தால் சதுரம். அதை நெடுக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். இப்போது கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் வையுங்கள். மடிப்பு கீழ் இடது மூலை வழியாகப் போக வேண்டும். மூலை வந்து உட்கார்ந்த புள்ளியும் கீழ் மூலைகள் இரண்டும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். அளவுகோல் தொடவே இல்லை. நடுக்கோட்டில் உள்ள எந்தப் புள்ளியும் இரு மூலைக்கும் சம தூரம். மடித்த பக்கமோ சதுரத்தின் பக்க நீளமேதான். முதல் படியில் விழுந்த மடிப்பு இரண்டாம் படிக்குக் கருவியாகிவிட்டது. புத்தகம் முழுக்க இப்படித்தான் ஏறுகிறது.

ஏழாவது அத்தியாயம் ஒன்பது கோணம். அங்கே ஏணி ஆடுகிறது. அதற்கு 40 பாகைக் கோணம் வேண்டும், அதாவது 120 பாகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து அதைத் துல்லியமாகச் செய்ய முடியாது என்று 1837லேயே பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிரூபித்திருந்தார். மடிப்பில் கோணத்தை ஓரளவு சரியாக மூன்றாக்கலாம், ஆகவே ஒன்பது கோணமும் தோராயமாகத்தான் வரும் என்று ராவ் ஒளிக்காமல் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

ஆனால் அந்த எல்லை கவராயத்தின் எல்லை, காகிதத்தின் எல்லை அல்ல. 1936இல் இத்தாலியக் கணிதர் மார்கெரிட்டா பெலோக் இதைக் காட்டினார். ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகள் மேல் ஒரே சமயத்தில் உட்கார வைக்க வேண்டும். தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ரெண்டும் சரியாகப் படிந்ததும் அழுத்தினால் போதும். கவராயத்தால் முடியாத இந்த ஒரு மடிப்பு முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்துவிடும். கோணத்தை மூன்றாக்குவதும் கனமூலம் காண்பதும் அந்த வகைக் கணக்குகள்தான். மடிப்பை ராவ் கவராயத்துக்கு மாற்றாகப் பார்த்தார். பெலோக் காகிதத்தால் மட்டும் முடிகிற அசைவைத் தேடினார்.

இன்று கடினமான ஒரிகாமி மாடல் பலவற்றில் வேலை தாளை மூன்றாக, ஐந்தாகச் சமமாகப் பிரிப்பதில்தான் தொடங்குகிறது. அங்கே குத்துமதிப்பாக விட்டால் ஐம்பதாவது மடிப்பில் கால் கோணிக்கொள்ளும். பழி கைமேல் விழும். இந்த மடிப்பு ஏன் இங்கே விழுகிறது என்று தெரிந்தவருக்கு, பிசகு எங்கே நடந்தது என்றும் தெரியும்.

சுந்தர ராவ் ‘ஓரளவு’ என்று நிறுத்திய இடத்தில் இன்று ஒரு பள்ளிப் பிள்ளையால் துல்லியமாக மடிக்க முடியும். அதற்கு முன்னால் அவருடைய முதல் ஆறு அத்தியாயத்தையும் கையால் மடித்துக் கடந்திருந்தால், அந்த ஏழாவது மடிப்பு எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும்.