ஜிம்மிக்கு என்ன நோய்?

இரண்டு மாதமாக நான் எதுவும் எழுதவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஜிம்மிக்குத்தான் உடம்பு சரியில்லை. இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். வழக்கம்போல இதிலும் கொஞ்சம் வரலாற்றுப் பாடம் இருக்கிறது. கடைசியில் உங்களில் ஒருவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது.

ஜிம்மியை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2013-ல் என் மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. சாதி நாய் ஒன்றும் இல்லை, சாதாரணத் தெரு நாய்தான். பன்னிரண்டு வருடமாக நோய் நொடி என்று படுத்ததில்லை. இந்தத் தை மாதம் பொங்கல் கழிந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. தட்டில் சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். பின்னங்கால் தள்ளாடும். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், மூன்று நாள் நன்றாக இருக்கும், மறுபடி அடிக்கும். ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனபோது, அது படுத்திருந்த சாக்கில் ரத்தக் கறை. மூக்கிலிருந்து வந்திருந்தது.

எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். (பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) ரத்தம் எடுத்துப் பார்த்தார். தட்டணுக்கள் குறைவு. உண்ணிக்காய்ச்சலாக இருக்கும் என்று அதற்கான பரிசோதனை செய்தார். இல்லை என்று வந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் தேறியதுபோல் இருந்தது, மறுபடி பழைய கதை. ஸ்கேனில் மண்ணீரல் சற்றுப் பெரிதாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் போனால் மயக்க மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும், சென்னை வேப்பேரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இந்த வயதில் அது தாங்குமா என்று வீட்டுக்காரர் யோசித்தார். எனக்கும் மனம் வரவில்லை.

"என்னதான் தம்பி நோய்?" என்று கேட்டேன்.

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலை டீச்சர்" என்றான். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்தபோது சொன்ன அதே குரல்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை படித்து, இத்தனை கருவி வைத்துக்கொண்டு தெரியலையா? வீட்டுக்கு வந்து, இப்படிப் பெயர் தெரியாத நோய்கள் நாய்களுக்கு இதற்கு முன் வந்திருக்கின்றனவா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மகனும் சில கட்டுரைகள் எடுத்து அனுப்பினான். படிக்கப் படிக்க என் கோபம் இறங்கிவிட்டது. அதில் இரண்டு கதைகளை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் கதை இங்கிலாந்தில் நடந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அங்கேயும் அமெரிக்காவிலும் நாய்களுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. நன்றாகப் படுத்திருக்கும் நாய் திடீரென்று எழுந்து, பேயைக் கண்டதுபோல் குரைத்துக்கொண்டு ஓடும். சுவரில் மோதும். வலிப்பு வந்து விழும். சிறிது நேரத்தில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் வாலாட்டும். காரணம் தெரியாததால், நரம்புத் தளர்ச்சி வந்த மனிதருக்குச் சொல்லும் 'ஹிஸ்டீரியா' என்ற பெயரையே நாய்க்கும் வைத்துவிட்டார்கள். வயிற்றுப் பூச்சி என்றார்கள் சிலர், கிருமி என்றார்கள் சிலர், பரம்பரைக் கோளாறு என்றார்கள் சிலர். நாயின் சுபாவமே அப்படித்தான் என்று சொன்னவர்களும் உண்டு.

எட்வர்ட் மெல்லன்பி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் இதைக் கையில் எடுத்தார். முதல் உலகப்போர் முடியும் காலத்தில் குழந்தைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் உணவுக் குறைவால் வருகிறது, காட் மீன் எண்ணெய் அதைத் தடுக்கும் என்று நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகளில் காட்டியவர் இவர்தான். அதனால் நாய் என்ன தின்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1946-ல் அவர் கண்டுபிடிப்பு வெளிவந்தது. காரணம் நாயிடம் இல்லை, நாய்க்குப் போட்ட மாவில் இருந்தது!

புதிதாக அரைத்த கோதுமை மாவு சற்று மஞ்சளாக இருக்கும். சில வாரங்கள் வைத்திருந்தால்தான் வெளுக்கும், ரொட்டிக்கும் நன்றாக வரும். அத்தனை நாள் காத்திருக்க ஆலைக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. 1920-களிலிருந்து 'ஏஜீன்' என்ற பெயரில் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வாயுவை மாவில் செலுத்திச் சீக்கிரமே வெளுக்க வைத்தார்கள். அந்த மாவில் செய்த ரொட்டியும் பிஸ்கட்டும் நாய்க்குப் போயின. மெல்லன்பி ஒரு பிரிவு நாய்களுக்கு அந்த மாவையும், இன்னொரு பிரிவுக்கு வாயு படாத மாவையும் கொடுத்துப் பார்த்தார். முதல் பிரிவுக்கு நோய் வந்தது, இரண்டாம் பிரிவுக்கு வரவில்லை. அதே மாவைத்தான் மனிதர்களும் ரொட்டியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்குத் தீங்கு என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் அமெரிக்கா 1949-ல் அந்த முறையைக் கைவிட்டது, பிரிட்டனும் 1950-களில் நிறுத்தியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், 'இதன் புத்தி பேதலித்துவிட்டது' என்று எத்தனை வீடுகளில் அந்த நாய்களைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்ட். காவலுக்கு, கண்ணிவெடி கண்டுபிடிக்க, தடம் பிடித்துப் போக. 1968 வாக்கில் அந்த நாய்கள் நோயில் விழ ஆரம்பித்தன. காய்ச்சல், மெலிவு, சோகை. பிறகு திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம். நூற்றுக்கணக்கில் இறந்தன. ராணுவ மருத்துவர்கள் முதலில் அதற்கு வைத்த பெயருக்குத் தமிழில் அர்த்தம் சொன்னால், 'காரணம் தெரியாத ரத்தப்போக்கு நோய்'. பெயரிலேயே "தெரியலை டீச்சர்" இருக்கிறது பாருங்கள்! அதற்குச் சில வருடம் முன்பே, 1963-ல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடமும் இதே நோயைப் பார்த்திருந்தார்கள். தடம் பிடிக்கும் நாய்களுக்கு வந்ததால் 'டிராக்கர் நாய் நோய்' என்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குற்றவாளியை 1935-லேயே ஒருமுறை பிடித்திருந்தார்கள். அல்ஜீரியாவில் இருந்த பாஸ்டர் நிலையத்தில் டொனாட்டியென், லெஸ்டோகார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், உண்ணி மொய்த்த நாய்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்குள்ளே ஒளிந்திருந்த ஒரு நுண்கிருமியைக் கண்டார்கள். பின்னால் பால் எர்லிச் என்ற விஞ்ஞானியின் நினைவாக அதற்கு 'எர்லிச்சியா கேனிஸ்' என்று பெயரானது. ஆனால் அதற்கும் இந்த ரத்தப்போக்குக்கும் முடிச்சுப் போட முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1969 வாக்கில்தான் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் அந்தத் தொடர்பைக் கண்டார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம்? அந்தக் கிருமியின் குணம் அப்படி. உண்ணி கடித்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், தானாகவே போய்விடும். பிறகு நாய் மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் நன்றாகவே இருக்கும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். ஒருநாள் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தாலும் கிருமி பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. கடித்த உண்ணியும் அதற்குள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

அந்தக் கிருமியைச் சுமக்கும் பழுப்பு நிற உண்ணிதான் நம் வீட்டு நாய்களின் காதிலும் கால் விரல் இடுக்கிலும் இருப்பது. காட்டுக்குப் போக வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் முட்டையிட்டு, ஆயிரக்கணக்கில் பெருகும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பது தெரிந்தபின் பல நாய்கள் பிழைத்தன. ஜிம்மிக்குக் கொடுத்ததும் அந்த வகை மாத்திரைதான்.

இதையெல்லாம் அடுத்த முறை போனபோது நம் மருத்துவரிடம் சொன்னேன். சிரித்தார். "படிச்சிருக்கேன் டீச்சர். ஜிம்மிக்கும் அதுவா இருக்கலாம். பரிசோதனையில் வரலைங்கறதால இல்லைன்னு சொல்லிட முடியாது. ஆனா மருந்துக்கு முழுசாக் கேட்கலையே. மண்ணீரல்ல கட்டியாவும் இருக்கலாம். வயசும் ஆச்சு. ரெண்டு மூணு சேர்ந்துகூட இருக்கலாம்" என்றார். பிறகு, "நீங்க தினமும் என்ன நடக்குதுன்னு மட்டும் எழுதிட்டு வாங்க டீச்சர், எனக்கு அது போதும்" என்றார்.

எழுதுவதா நமக்குப் புதிது? முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். தேதி, காய்ச்சல், தின்றது, குடித்த தண்ணீர், எத்தனை முறை வெளியே போனது. மூன்று வாரம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சனி, ஞாயிறு மட்டும் ஜிம்மி நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது. ஏன் என்று யோசித்தேன். அந்த இரண்டு நாளும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி வருவாள். திண்ணையில் உட்கார்ந்து கையால் ஊட்டுவாள். பிள்ளை ஊட்டினால்தான் சாப்பிடுகிறது, செல்லம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கை நாயின் வாய் உயரத்தில் இருந்தது. திங்கட்கிழமை தட்டின் கீழே நான்கு செங்கல்லை அடுக்கி வைத்தேன். முக்கால் தட்டு காலி! அதற்குச் சோறு பிடிக்காமல் இல்லை. குனிய முடியவில்லை, கழுத்து வலி. இத்தனை நாள் 'வேண்டாம் என்கிறது' என்று தட்டை எடுத்துப்போய் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நோய் என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் செங்கல் வைத்த பிறகு எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. வழுக்காமல் இருக்கத் தரையில் பழைய சாக்கு விரித்திருக்கிறோம். வலிக்கு மருத்துவர் சொன்ன மருந்து மட்டும்.

இங்கே ஒரு வார்த்தை. நாய் வளர்ப்பவர்கள் நாம் போட்டுக்கொள்ளும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் நாயின் உயிருக்கே ஆபத்து. மூக்கில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வாரம் ஒருமுறையாவது காதையும் விரல் இடுக்கையும் பிரித்து உண்ணி பாருங்கள். நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் செய்தி.

முதல்நாள் ஜிம்மியைக் கொண்டுபோனபோது மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்திருக்கு டீச்சர்" என்றார். அந்த விநாடி எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். நான்காம் வகுப்பில் ஒரு பையன். மதியம் ஆனால் தூங்கி விழுவான். ஓடச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தது நான்தான். மற்ற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் பள்ளிக்கு மருத்துவ முகாம் வந்தது. டாக்டரம்மா அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், இந்தப் பிள்ளை உடம்பில் ரத்தமே இல்லையே. செருப்பில்லாமல் வயலில் திரிகிறவன், கொக்கிப்புழுவாக இருக்கும்" என்றார். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்தப் பையன் பம்பரமாகச் சுற்றினான். நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே வார்த்தை, என் மாணவன் எனக்குச் சொன்ன வார்த்தைதான். 'இந்தப் பையன் ஏன் தூங்குகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.' அப்படி நினைத்திருந்தால் அவன் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். தெரியாத இடத்தில் சோம்பேறி என்று எழுதிவிட்டேன்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். உனக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். நம் பள்ளிப் பிள்ளைகள் யார் மூலமாவது இது உன் கண்ணில் பட்டால், டீச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரிந்துகொள். முடிந்தால் ஒருமுறை வீட்டுக்கு வா.

ஜிம்மி இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. இன்று காய்ச்சல் இல்லை. காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டது. நோட்டில் எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ இதுபோல் புரியாத நோய் வந்து, நீங்கள் கவனித்துக் கண்டுபிடித்தது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போடத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்