உடையாத தட்டுக்குச் சேதாரம்

நகைக் கடையில் பில் போடும்போது 'சேதாரம்' என்று ஒரு வரி வரும். பவுனுக்கு விலை உண்டு, வேலைக்குச் செய்கூலி உண்டு. இது இரண்டிலும் சேராத மூன்றாவது. தங்கத்தை உருக்கும்போதும் அராவும்போதும் கொஞ்சம் பொடியாய்ப் போய்விடுகிறது, அந்த நஷ்டத்தை நகை வாங்குகிறவர் ஏற்க வேண்டும் என்பார்கள். நியாயந்தான். ஆனால் யாரும் அராவாமல் மிஷினில் அச்சடித்து எடுத்த காசுக்கும் சேதாரம் போடுகிறார்களே என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் புன்னகை செய்தார். "ஐயாவுக்குக் குளிர்ச்சியா ஏதாவது கொண்டா" என்று பையனிடம் சொன்னார். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

சங்கீத உலகத்திலும் இப்படி ஒரு சேதாரக் கணக்கு உண்டு. கையால் தொட முடியாத, கீழே போட்டால் உடையாத ஒரு பாட்டுக்கு உடைசல் கணக்கு எழுதி, பாடினவர் கூலியில் பிடித்தார்கள் என்று அமெரிக்காவில் 2006-ஆம் வருஷம் ஒரு வழக்கே நடந்தது. கம்ப்யூட்டரில் பாட்டை இறக்கிக்கொள்ளும் வித்தை வந்ததால் சங்கீதக்காரர்களின் பிழைப்பு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்குத்தான் ஸ்வாரஸ்யமாகப் படுகிறது. இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆதியில் இசைத்தட்டுக்குப் பாடியவருக்கு மொத்தக் கூலிதான். 1902-இல் இத்தாலியில் மிலான் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் என்ரிக்கோ கரூஸோ என்ற வாலிபப் பாடகர் பத்துப் பாட்டுப் பாடினார். கிராமபோன் கம்பெனி ஆள் அவருக்கு நூறு பவுன் கொடுத்தார். அதே ஆள்தான், பிரெட் கைஸ்பர்க் என்பது அவர் பெயர், அந்த வருஷம் கல்கத்தாவுக்கு வந்து நவம்பரில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தவர். பாட்டு முடிந்ததும் "நான்தான் கௌஹர் ஜான்" என்று அந்த அம்மாள் தம் பெயரைச் சொல்லி முடித்தாரே, அந்தப் பதிவுகள். பாடு, கூலி வாங்கிக்கொள், போய் வா. கணக்கு அவ்வளவுதான்.

இசைத்தட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்க ஆரம்பித்ததும், பெயர் பெற்ற பாடகர்கள் விற்பனையில் பங்கு கேட்டார்கள். நூற்றுக்கு இத்தனை என்று ராயல்டி வந்தது. ராயல்டி வந்த அன்றே கழிவுகளும் கூடவே வந்தன. எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இது எனக்குப் புதிதல்ல. ராயல்டி என்பது ஒரு சதவிகிதம், எதன் மேல் சதவிகிதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தட்டு எதனால் ஆனது தெரியுமோ? அரக்கு. வட இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டும் அந்த அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தி எடுத்தது. அரக்கு மாளிகை தீப்பிடித்தது என்றால், அரக்குத் தட்டு கைதவறினால் நாலு துண்டு! ரயிலிலும் கப்பலிலும் போகும் வழியிலேயே ஒரு பங்கு உடைந்து போகும். ஆகவே கம்பெனிகள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதின. நூறு தட்டு அனுப்பினால் தொண்ணூறுக்குத்தான் ராயல்டி. மீதிப் பத்து உடைசல் கணக்கு. இதில் பெரிய அநியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1948-இல் கொலம்பியா கம்பெனி வினைல் என்ற வஸ்துவினால் நீண்ட நேரத் தட்டைக் கொண்டுவந்தது. அது வளையும், கீறும், லேசில் உடையாது. அரக்கு போயிற்று, ஷரத்து போகவில்லை. பிறகு கேஸட் வந்தது. 1982-இல் ஸி.டி. வந்தது. அட்டைக்கும் பெட்டிக்கும் என்று வேறு ஒரு கழிவு சேர்ந்துகொண்டது. ஸி.டி. புதிய கண்டுபிடிப்பு, செலவு அதிகம் என்று ராயல்டியையே குறைத்து எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. செலவு இறங்கிய பிறகு ராயல்டி தானாக ஏறிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பாட்டுக்கு உடம்பே இல்லாமல் போய்விட்டது. ஜெர்மனியில் பிரௌன்ஹோபர் என்ற ஆராய்ச்சி நிலையத்தார் ஒலியைச் சுருக்கி மூட்டை கட்டும் வித்தையைக் கண்டுபிடித்து, 1995-இல் அதற்கு 'எம்.பி.3' என்று வால் வைத்தார்கள். 1999-இல் நாப்ஸ்டர் பிறந்தது. ஊரார் பாட்டை ஊரார் இலவசமாக இறக்கிக்கொண்டார்கள். மறு வருஷம் மெடாலிகா கோஷ்டியின் டிரம் வித்வான், தங்கள் பாட்டை எடுத்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பேர்களின் பட்டியலைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு போய் நாப்ஸ்டர் வாசலில் இறக்கினார். 2001-இல் கோர்ட் உத்தரவினால் நாப்ஸ்டர் கடையை மூடினார்கள். திருட்டுக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், ஆகையால் இது எல்லோருக்கும் தெரியும். திருடன் கொண்டு போனது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. கடைக்காரர் கணக்கு அப்படியல்ல, காகிதத்தில் இருக்கிறது.

2003 ஏப்ரல் மாதம் ஆப்பிள் கம்பெனி ஐட்யூன்ஸ் என்ற கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. அதற்கு முன்னால் ஒரு பாட்டுக்கு ஆசைப்பட்டவரும் பதினைந்து டாலர் கொடுத்து முழு ஸி.டி. வாங்கினார், ஒரு வடைக்காக முழுச் சாப்பாட்டு டிக்கெட் எடுத்த மாதிரி. இப்போது வடை மட்டும் கிடைத்தது. இதில் கம்பெனிக்கும் நஷ்டம், பாடகருக்கும் நஷ்டம், சாப்பிட்டவருக்கு லாபம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் வடை பார்ட்டிதான்.

99 சென்டில் சுமார் 70 சென்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போயிற்று. பாட்டை எழுதி மெட்டமைத்தவருக்கு அமெரிக்கச் சட்டமே கூலி நிர்ணயித்திருந்தது. 1909-இல் இரண்டு சென்ட் என்று ஆரம்பித்து அறுபத்தெட்டு வருஷம் அதே இரண்டு சென்டாக நின்று, பிறகு மெள்ள ஏறி, 2006-இல் 9.1 சென்டுக்கு வந்திருந்தது. பாடினவருக்கும் வாசித்தவருக்கும் அப்படிச் சட்டம் இல்லை. அவர்களுக்குக் கதி, என்றோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தந்தான்.

ஆல்மன் பிரதர்ஸ், சீப் டிரிக் என்ற இரண்டு பழைய கோஷ்டிகள் 2006-இல் ஸோனி பி.எம்.ஜி. கம்பெனியின் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டன. ஒரு பாட்டு இறங்கினால் தங்களுக்குக் கிடைப்பது சுமார் நாலரை சென்ட், கிடைக்க வேண்டியதோ முப்பது சென்ட் என்பது அவர்கள் முறையீடு. இடைவெளி எப்படி வந்தது? டவுன்லோடையும் தட்டு விற்பனையாகவே வைத்துக் கம்பெனி கணக்கு எழுதியது என்றார்கள். பெட்டிக்குக் கழிவு, உடைசலுக்குக் கழிவு! மின்சாரக் கம்பியில் போகும் பாட்டுக்குப் பெட்டி எங்கே, உடைவது எங்கே? வழக்கு ஆறு வருஷம் நடந்து 2012-இல் ராஜியில் முடிந்தது.

இதற்குள் இதே கேள்வி இன்னொரு கோர்ட்டில் இன்னும் தெளிவாக வந்துவிட்டது. எமினெம் என்ற பாடகரை முதலில் கண்டெடுத்த டிட்ராயிட் நகரத்துத் தயாரிப்பாளர்கள், எப்.பி.டி. என்ற பெயரில், கம்பெனியின் மேல் வழக்காடினார்கள். 1998-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து. கம்பெனி தட்டு விற்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை. மூலப்பதிவைப் பிறர் உபயோகிக்க அனுமதி கொடுத்தால், வரும் பணத்தில் சரி பாதி. அனுமதி கொடுக்கும்போது கம்பெனிக்குத் தட்டு அச்சடிக்கும் செலவில்லை, லாரி வாடகை இல்லை, ஆகையால் பாதி. சரி, ஆப்பிள் கடையில் நடப்பது விற்பனையா, அனுமதியா?

2009-இல் ஜூரி 'விற்பனை' என்றது. 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட் அதைப் புரட்டிப் போட்டது. பதிவு இன்னும் கம்பெனிக்குச் சொந்தம். ஆப்பிளுக்குக் கொடுத்தது அதை விற்றுக்கொள்ளும் அனுமதி. சொல்லுக்குச் சாதாரண அர்த்தம் இதுதான், ஆகவே பாதி கொடு என்றது. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட் விசாரணைக்கே எடுக்கவில்லை. ஒரே பாட்டு, ஒரே 70 சென்ட். ஒரு வார்த்தையில் கூலி மூன்று மடங்கானது!

பழைய ஒப்பந்தக்காரர்கள் பலர் தங்கள் பத்திரங்களைத் தேடி எடுத்தார்கள். ஆனால் புதிதாக வந்த பையன்களுக்கு இதனால் பிரயோஜனம் இல்லை. கம்பெனிகள் எப்போதோ விழித்துக்கொண்டு, 'டவுன்லோடு என்பதும் விற்பனையே' என்று புதுப் பத்திரங்களில் பளிச்சென்று எழுதி வைத்துவிட்டன.

வழக்குகள் ஓய்வதற்குள் டவுன்லோடே ஓய்ந்துவிட்டது. 2008-இல் ஸ்வீடனில் ஸ்பாட்டிபை ஆரம்பித்தது. பாட்டை வாங்கி வைத்துக்கொள்வானேன், மாதச் சந்தா கட்டிக் குழாயைத் திருப்பினால் போதுமே என்று ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். அமெரிக்காவில் 2013 முதல் டவுன்லோடு விற்பனை இறங்குமுகம். குழாய்க் கணக்கு இன்னும் சிக்கல். 2024 முதல் அந்தக் கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது: முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்குப் பணம் கிடையாது. 999 தடவை கேட்டிருந்தால் அது எந்த வரியில் போகிறது என்று நகைக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2022-இல் அமெரிக்காவில் ஸி.டி. மூன்று கோடியே முப்பது லட்சம் விற்றது; வினைல் தட்டு நாலு கோடியே பத்து லட்சம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறதாம், தட்டு இப்படி முந்தி. இளைஞர்கள் ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். பெரிய அட்டை உறை, உள்ளே ஒரு காகித உறை, தபாலில் வருவதற்கு ஒரு பெட்டி. போன மாதம் என் சிநேகிதர் ஒருவருக்கு இப்படி வந்த தட்டு ஓரத்தில் கீறல் விட்டிருந்தது.