கத்தியின் பதம்

1794-இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் 'வூட்ஸ்' என்னும் நம் நாட்டு உருக்கை லண்டனுக்கு அனுப்பினார். ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞர் அதில் ஒரு பேனாக் கத்தி செய்து பார்த்தார்.

லேசான காரியமா அது? அந்த உருக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரி. வெண்மையாகக் காய்ச்சி அடித்தால் உதிர்ந்து போகும். சிவந்த சூட்டிலேயே பொறுமையாகத் தட்ட வேண்டும். பிறகு துவைச்சல். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அலகு கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் ஒடியும். மறுபடி இளஞ்சூடு காட்டினால் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் படரும். அங்கே நிறுத்தத் தெரிந்தவன்தான் கொல்லன்!

1819-இல் மைக்கேல் பாரடே, அவரும் ஒரு கொல்லரின் மகன்தான், இந்த உருக்கைப் பகுத்தாராய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என்று கருதினார். உண்மையில் கரியும் சூட்டின் பக்குவமுமே காரணம் என்று பின்னால் தெளிவாயிற்று.

சேலம் பக்கத்தில் மண் மூசையில் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடி உருக்கிய கொல்லர்கள் அந்தக் கரியைக் கையால் அளந்து போட்டவர்கள். பாரடேயின் தவறுகூட ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய பெயர்கள்தான் இல்லை.