எடை ஏறாத உடலும் தசை வளர்ச்சியும்: உடல்வாகு என்ற விளக்கத்தின் போதாமை

பளுப்பயிற்சியை மாதக்கணக்கில் செய்தும் எடை ஏறாதவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் அவர்களது உடல்வாகு. இக்கருத்துக்கு அறிவியல் தோற்றம் அளித்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன். கல்லூரி மாணவர்களின் ஒளிப்படங்களைக் கொண்டு அவர் 1940இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மெலிந்து நீண்ட உடற்கூறு ‘எக்டோமார்ஃப்’ எனப் பெயர் பெற்றது. உடலமைப்பையும் மனப்போக்கையும் இணைத்து அவர் கட்டிய கோட்பாடு பின்னர் கைவிடப்பட்டது. பெயர்கள் மட்டும் உடற்பயிற்சிக் கூடங்களில் தங்கிவிட்டன. உயரமும் எலும்பின் பருமனும் பெருமளவு மரபுவழி வருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மெலிவைப் பார்த்து ஒரு பெயர் வைத்துவிட்டு, அப்பெயரையே மெலிவுக்குக் காரணமாகக் காட்டினால் எதுவும் விளங்குவதில்லை. உண்ட ஆற்றல் ஏன் உடலில் தங்குவதில்லை என்பது ஒரு கேள்வி. தங்கும் பங்கு தசையாகுமா, கொழுப்பாகுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை உணவிலும் அன்றாட அசைவிலும் இருக்கிறது. இரண்டாவதில் பயிற்சிக்கே முதலிடம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் புரதப் பவுடர் வாங்கியும் பலன் காணாதவர்கள் பலர்.

தனிமனித வேறுபாடு உண்மையானது. க்ளாட் பூஷார் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் 12 ஜோடி ஒத்த இரட்டையர்களான இளைஞர்கள், வாரத்தில் 6 நாள் வீதம் 84 நாட்களுக்கு, தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி உண்டனர். சராசரியாக 8.1 கிலோ எடை கூடியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே ஜோடியைச் சேர்ந்தவர்களுக்கிடையே இருந்ததைவிட, ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையே மாறுபாடு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மரபணுவின் பங்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. உடல்வாகுக் கருத்தினர் கவனிக்கத் தவறுவது மற்றொன்று: மிகக் குறைவாக ஏறியவருக்கும் நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. எவருக்கும் எடை ஏறாமல் போகவில்லை.

மிச்சமான ஆற்றல் எங்கே போகிறது என்பதற்கு ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 1999இல் ஒரு விடை தந்தனர். உடற்பருமன் இல்லாத 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாக அளிக்கப்பட்டது. சேர்ந்த கொழுப்பு 0.36 கிலோ முதல் 4.23 கிலோ வரை வேறுபட்டது. இவ்வேறுபாட்டைப் பெரிதும் விளக்கியது ஓய்வுநிலை வளர்சிதை மாற்றமோ உணவைச் செரிக்கும் செலவோ அல்ல. உடற்பயிற்சியில் சேராத சிற்றசைவுகளின் செலவு. எழுந்து நடப்பது, நிற்பது, உட்காரும் நிலையை மாற்றுவது, காலாட்டுவது ஆகியவை சிலருக்குத் தாமாகவே பெருகின. இச்செலவில் ஏற்பட்ட மாற்றம் நாளொன்றுக்கு ஒருவருக்கு 98 கலோரி குறைவாகவும், மற்றொருவருக்கு 692 கலோரி அதிகமாகவும் இருந்தது. பின்னவர் கூடுதலாக உண்டதில் மூன்றில் இரண்டு பங்கைத் தம்மையறியாமலே செலவழித்துவிட்டார். ‘எவ்வளவு தின்றாலும் ஒட்டவில்லை’ என்பவரின் முறையீட்டுக்கு இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் அம்முறையீட்டின் முற்பாதியை அப்படியே ஏற்க முடியாது. இயல்பாகவே மெலிந்த, நோயற்ற சீன இளையோரையும் நடுவயதினரையும் இயல்பான எடையுள்ளவர்களோடு ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, ஐசோடோப்பு கலந்த நீரைக் கொண்டு ஆற்றல் செலவை அளந்தது. மெலிந்தோர் 12 விழுக்காடு குறைவாக உண்டனர். அவர்களது உடலியக்கமும் 23 விழுக்காடு குறைவு. உடலின் அளவுக்கு எதிர்பார்த்ததைவிட ஓய்வுநிலைச் செலவு மட்டும் கூடுதலாக இருந்தது. இயல்பு நிலையில் மெலிந்தவர் அதிகம் உண்டு அதிகம் ஓடுபவர் அல்லர். குறைவாக உண்டு அதில் நிறைவு காண்பவர். லெவைன் கண்டது வலிந்து உண்ணும்போது நிகழ்வது; இது வழக்கமான நாட்களில் நிகழ்வது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தாம் உண்பதை நினைவிலிருந்து மதிப்பிடுவோர் பெரிதும் தவறுகிறார்கள் என்பதும் உறுதியானது. விருந்துண்ட ஒரு நாள் மனதில் நிற்கிறது, காலை உணவைத் தவிர்த்த இரு நாட்கள் நிற்பதில்லை.

ஆற்றல் மிச்சப்பட்டபின் அது எதுவாக மாறுகிறது? ஜார்ஜ் பிரே குழுவினர் 2012இல் 25 பேருக்கு எட்டு வாரம் மிகையுணவு அளித்தனர். மூன்று பிரிவினருக்கும் கலோரி ஏறத்தாழ ஒன்றே, புரதத்தின் பங்கு மட்டும் 5, 15, 25 விழுக்காடு என வேறுபட்டது. கொழுப்பு மூன்றிலும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ கூடியது. கொழுப்பல்லாத நிறையோ முதற்பிரிவில் 0.7 கிலோ குறைந்தது. மற்ற இரண்டிலும் சுமார் 3 கிலோ கூடியது. 5இலிருந்து 15க்குச் சென்றதில் கிடைத்த ஆதாயம் பெரிது, 15இலிருந்து 25க்குச் சென்றதில் அற்பம். புரதம் ஒரு வாசல்படி. அதைத் தாண்டிய பிறகு மேலும் மேலும் குவிப்பதால் அதற்கேற்ற பயன் இல்லை. கொழுப்பல்லாத நிறை முழுவதும் தசையன்று, அதில் நீரும் உள்ளுறுப்புகளும் அடங்கும் என்பதையும் மறக்கலாகாது.

பளுப்பயிற்சி செய்வோருக்கு அந்த வாசல்படி எங்கே இருக்கிறது என்பதை 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்த மார்ட்டன் குழுவினர் காட்டினர்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம். அதற்கு மேல் தசை ஆதாயம் தென்படவில்லை. ஒரு கிலோ தசையில் முக்கால் பங்கு தண்ணீர், புரதம் சுமார் 200 கிராம்தான். மாதம் ஒரு கிலோ தசை கூடினாலும் அதில் தங்கும் புரதம் நாளுக்கு ஏழு கிராம் அளவே. மற்றதெல்லாம் அன்றாடச் சிதைவையும் புதுப்பித்தலையும் ஈடுகட்டவும் வளர்ச்சியைத் தூண்டவும் செலவாகிறது. மேலும், பசியை அடக்குவதில் புரதம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் விஞ்சுகிறது. பசியே இல்லாதவருக்கு முதலில் புரதக் கரைசலைக் கொடுப்பது நோக்கத்துக்கு நேர்மாறான வேலை. எடை கூட்டுவதற்கென்று விற்கப்படும் பவுடர்களில் பல மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தவை. அவற்றின் வேலையை வீட்டுச் சமையலறை மலிவாகச் செய்துவிடும்.

55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 88 கிராம் புரதம் தேவைப்படும். 350 கிராம் அரிசி, 75 கிராம் துவரம்பருப்பு, அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, 50 கிராம் நிலக்கடலை ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 83 கிராம் தருகின்றன. ஒரு முட்டை கூடினால் கணக்கு நிறைந்துவிடும். சிக்கல் கலோரியில்தான். இவ்வுணவு மொத்தம் 2,200 கலோரியைச் சுற்றியே நிற்கும்; இத்தகையவர் எடை ஏற 2,600 வரை தேவைப்படலாம். குறையைச் சோற்றால் நிரப்ப முயல்வோர் தோற்பது வயிற்றின் கொள்ளளவினால். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி மட்டுமே, எஞ்சியது பெரும்பாலும் நீர். அதே எடையுள்ள எள்ளில் 500 கலோரிக்கு மேல். எள்ளின் எடையில் பாதியளவு எண்ணெய். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி ஆற்றல் அடர்த்தியைக் கணக்கிட்டுப் பிறந்ததன்று. ஆனாலும் அதன் முற்பகுதி கணக்கோடு ஒத்துப்போகிறது. சாதத்தில் இரண்டு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ, மாலையில் எள்ளுருண்டை அல்லது கடலை மிட்டாய், சாப்பாட்டுக்குப் பின் பால் என்று கூட்டினால் தட்டின் அளவு பெருகாமலே கலோரி ஏறும்.

ஆற்றலைக் கண்டபடி கூட்டுவதும் பயனற்றது. உயர்நிலை விளையாட்டு வீரர்களிடம் இனா கார்த்தே குழுவினர் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஆலோசனையுடன் கூடுதலாக உண்டவர்களுக்குக் கொழுப்பு தெளிவாக மிகுந்தது. தசை ஆதாயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசை வளரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. உணவால் அதைத் துரத்த இயலாது.

இந்த எச்சரிக்கை இந்திய உடலுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் தங்கள் இருவரின் ஒளிப்படத்தோடு ஒரு குறிப்பை வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குடையது 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் தெற்காசிய உடலில் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கக்கூடும். கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதால் நீரிழிவு அபாயமும் கூடுகிறது. பயிற்சியின்றி எடையை மட்டும் கூட்டினால் ஒல்லி உடலுக்குத் தொப்பைதான் மிஞ்சும். எனவே எடைகாட்டியோடு இடுப்புச் சுற்றளவையும் அளப்பது கட்டாயம்.

பயிற்சியின் இலக்கணம் எளிது. ஒவ்வொரு பெருந்தசைக்கும் வாரத்துக்கு இருமுறையாகப் பிரித்து மொத்தம் பத்துச் சுற்று அளவில், இனி ஓரிரு முறைக்கு மேல் தூக்க இயலாது என்ற நிலை வரை செய்வதும், பளுவையோ எண்ணிக்கையையோ படிப்படியாகக் கூட்டுவதும் போதும். களைப்பின் எல்லை வரை செய்தால் இலகுவான பளுவும் கனமான பளுவுக்கு நிகரான வளர்ச்சியைத் தருவதால், தண்டாலும் பஸ்கியும் தொடக்கத்தில் போதுமானவை. ஐம்பது பஸ்கி சுலபமாக வரும் நிலையில் பளு தேவைப்படும். பலன் ஆளுக்கு ஆள் மாறும். 585 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி செய்த, 2005இல் வெளியான ஆய்வில் தசை அளவு மாற்றம் 2 விழுக்காடு குறைவு முதல் 59 விழுக்காடு உயர்வு வரை பரந்தது.

உண்டும் மெலிவோரிடம் இல்லையென்று முதலில் உறுதிசெய்யப்பட வேண்டியவை காசநோய், நீரிழிவு, தைராய்டு மிகைச்சுரப்பு, குடற்புழு, உணவு உட்கிரகிப்புக் குறைபாடு. நெடுநாள் ஒரே எடையில் நிற்பது வேறு, இருந்த எடை குறைவது வேறு. பின்னதற்கு மருத்துவரே முதல் வாயில்.

இதற்கப்பால், சூத்திரங்களைவிட எடைகாட்டியே நம்பத்தக்கது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த எடைகளின் வாரச் சராசரி, மாதத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை உயர்ந்தால் போதும். இரண்டு மூன்று வாரம் அசையாவிட்டால் நாளுக்கு 200 கலோரி கூட்ட வேண்டும். சிற்றசைவுகள் அதையும் விழுங்கினால் மீண்டும் கூட்ட வேண்டும். எடையைவிட இடுப்பு வேகமாகப் பெருகினால் குறைக்க வேண்டும். விரும்பிய நிலையை அடைந்தபின் உழைப்பைப் பெரிதும் தளர்த்தலாம்: 16 வாரம் பயின்றோரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்த இளையோர் அடுத்த 32 வாரமும் தசை அளவைத் தக்கவைத்தனர்; அறுபது வயதைக் கடந்தோருக்கு அந்த அளவு போதவில்லை.