ஹம்பக்கர் பிக்கப்

எலெக்ட்ரிக் கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப், இசையோடு சுற்றுப்புற மின்சாரத்தின் ரீங்காரத்தையும் இழுத்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த தீர்வு அபாரமானது. இரு சுருள்களுக்கும் காந்த முனை எதிரெதிர், சுற்றும் திசையும் எதிரெதிர். ரீங்காரம் கழிந்துபோகிறது, கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது.

1957 முதல் கிப்சனின் லெஸ் பால் கிட்டார்களில் இது இடம்பெற்றது. அத்தகைய கிட்டாரை எரிக் கிளாப்டன் மார்ஷல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் உரத்து வாசித்து, ஜான் மேயாலின் 1966 ஆல்பத்தில் பதிவு செய்தார். ராக் இசையின் தடித்த, நீண்டு நிற்கும் நாதத்துக்கு அதுவே இலக்கணமாயிற்று. பிக்கப்பின் வலுவான சமிக்ஞை வால்வுகளை அவற்றின் எல்லைக்கு மேல் தள்ளியதே காரணம்.

1970-களில் டிமார்சியோ, சீமர் டங்கன் ஆகியோர் மாற்றிப் பொருத்தும் பிக்கப்புகளைத் தனித் தொழிலாகவே வளர்த்தனர். கம்பிச்சுற்றைக் கூட்டினால் ஒலி வலுக்கும், ஆனால் உயர் அதிர்வெண்கள் மங்கும். 'அதிக வலு' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல.

புதியது வாங்குமுன் பழைய பிக்கப்பின் இரு பக்கத் திருகாணிகளைத் திருகி, அதன் உயரத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. கம்பிக்கு மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதியைக் கலைக்கும். சற்று இறக்கினாலே ஒலி தெளியும். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை மாற்றினால் வரும் வேறுபாடு, பல சமயம் பிக்கப் மாற்றத்தையும் விஞ்சும்.